காத்திருக்க வைக்கப்பட்ட வயது

1723ஆம் ஆண்டு பாஸ்டன் நகரிலிருந்து 17 வயதுப் பையன் ஒருவன் வீட்டுக்குத் தெரியாமல் கப்பலேறி ஓடினான். பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். 12 வயதில் அண்ணனின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தவன். 21 வயதுவரை அங்கேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். அண்ணன் கை நீட்டுகிறவர், ஒத்துப்போகவில்லை. நியூயார்க்கில் வேலை இல்லை என்றதும் பிலடெல்பியா வரை போனான். மடியில் காசு அதிகம் இல்லை, ஆனால் அச்சுக்கோக்கத் தெரியும். சில நாட்களில் ஓர் அச்சகத்தில் சேர்ந்துவிட்டான். அதற்கு 226 ஆண்டுகள் கழித்து, 1949 டிசம்பரில், பிலடெல்பியா இருக்கும் அதே பென்சில்வேனியாவின் ஒரு விடுதிப் பள்ளியிலிருந்து 16 வயதுப் பையன் ஒருவன் இரவோடிரவாக நியூயார்க்குக்கு ரயிலேறுகிறான். இவன் கற்பனைப் பாத்திரம்: ஜெ. டி. சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் த ரை’ நாவலின் நாயகன் ஹோல்டன் கால்ஃபீல்ட். ஆண்டு நாவலில் நேரடியாகச் சொல்லப்படவில்லை. தம்பி இறந்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் அங்கே வந்து நிற்கும். பாட்டி அனுப்பிய பணம் இவன் பையில் தாராளமாக இருக்கிறது. ஓட்டல் அறை, டாக்சி, மதுக்கூடம் எல்லாவற்றுக்கும் போதும். செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை, செய்யத் தெரிந்த தொழிலும் இல்லை. மூன்று நாள் ஊரைச் சுற்றிவிட்டு உடைந்துபோகிறான்.

இரு பையன்களுக்கும் பொதுவான குணம் ஒன்றும் உண்டு. இருவரும் பொய்ப் பெயர் சூடியவர்கள். பிராங்க்ளின் 16 வயதில் சைலன்ஸ் டூகுட் என்ற விதவையின் பெயரில் கடிதம் கடிதமாக எழுதி, இரவில் அச்சகக் கதவுக்கடியில் செருகிவிட்டு வருவான். யார் எழுதியது என்று தெரியாமலே அண்ணன் அவற்றைத் தன் பத்திரிகையில் வெளியிட்டார், ஊர் படித்தது. ஹோல்டன் ரயிலில் ஒரு வகுப்புத் தோழனின் தாயைச் சந்தித்ததும், விடுதியைப் பெருக்கித் துடைக்கும் பணியாளரின் பெயரைத் தன் பெயராகச் சொல்கிறான்; தலையில் கட்டி, அறுவைச் சிகிச்சைக்குப் போகிறேன் என்று அளக்கிறான். அந்த அம்மாள் இரக்கப்படுகிறார், ஸ்டேஷனில் இறங்கிப் போகிறார், அதோடு முடிந்தது. கற்பனை வளம் இருவருக்கும் குறைவில்லை. ஒருவனுடைய பொய் அச்சேறி ஊர்ப்பேச்சானது, மற்றவனுடையது ரயில் பெட்டியோடு போயிற்று. இந்த வேறுபாட்டைப் பையன்களின் குணத்தில் தேடிப் பயனில்லை. இடையில் கழிந்த இரண்டு நூற்றாண்டுகளில்தான் தேட வேண்டும்.

1951 ஜூலையில் நாவல் வெளிவந்த நாளிலிருந்து ஹோல்டனைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் விடலைப் பையனின் மனம் இப்படித்தான் இருக்கும், அதை உள்ளபடி எழுதிய நாவல் இது என்பது ஒரு கட்சி. செல்லம் கொடுத்துக் கெடுத்த பணக்கார வீட்டுப் பிள்ளையின் புலம்பல், வளர மறுக்கும் ஒருவனின் பிடிவாதம் என்பது மற்றொன்று. ஒன்று அவனை இயற்கையாக்குகிறது, மற்றொன்று அவனைக் குற்றவாளியாக்குகிறது. அவனுடைய அந்நியத்தையும் பக்குவமின்மையையும் அவனுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுவதில் மட்டும் இரண்டும் ஒன்று. அந்த இரண்டு குணங்களையும் அமெரிக்கா ஒரு நூற்றாண்டு காலம் பாடுபட்டு உருவாக்கியது என்பதே என் வாதம். பிள்ளைகளை உழைப்பிலிருந்து விடுவித்தார்கள். அது நல்ல காரியம். விடுவித்த இடத்தில், யாருக்கும் தேவைப்படாத நீண்ட காத்திருப்பைத் தவிர வேறெதையும் வைக்கவில்லை. ஹோல்டன் அந்தக் காத்திருப்பின் பிள்ளை.

பழைய ஏற்பாட்டை முதலில் பார்த்துவிட வேண்டும். குடியேற்றக் கால அமெரிக்காவிலும் அதற்கு முந்தைய இங்கிலாந்திலும் 12, 14 வயதில் பையனை இன்னொருவர் வீட்டில் தொழில் பழக விடுவது சாதாரண வழக்கம். தச்சர், கொல்லர், செருப்புத் தைப்பவர், அச்சிடுபவர் என்று யாராவது ஒருவரிடம் ஏழெட்டு ஆண்டு இருப்பான். சோறும் படுக்கையும் அங்கேதான், திட்டும் அடியும் அங்கேதான். இந்த ஏற்பாட்டைப் புனிதமாக்கிப் பேச வேண்டியதில்லை. பிராங்க்ளின் தப்பியோடியதே அதன் கொடுமைக்குச் சாட்சி. ஆனால் அந்தப் பையன் ஒரு நாள் படுத்துவிட்டால் பட்டறையில் வேலை நின்றது. அவன் கற்றதைக் கண்ணால் பார்க்க முடிந்தது: பூட்டு திறந்தது, பக்கம் அச்சானது, குதிரைக்கு லாடம் ஏறியது. பெரியவனாவது என்பது ஒரு தேதிக்காகக் காத்திருப்பதாக இருக்கவில்லை. கை ஒவ்வொரு வேலையாகப் பழகப் பழக, கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டே இருந்தது.

வளர்ச்சிக் கதை என்ற நாவல் வகையும் இந்த மண்ணில்தான் முளைத்தது. 1795, 96இல் வந்த கதேயின் ‘வில்ஹெல்ம் மைஸ்டர்’ நாவல், நாயகன் தொழில் பழகும் ஆண்டுகளைத் தன் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. டிக்கன்ஸின் டேவிட் காப்பர்ஃபீல்ட் பத்து வயதில் புட்டி கழுவும் கிடங்கில் அவமானத்தோடு நிற்கிறான், பிறகு சட்ட அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்கிறான், சுருக்கெழுத்து கற்கிறான், எழுத்தாளனாகிறான். ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலின் பிப் கொல்லன் ஜோவிடம் தொழில் பழகுகிறவன். அதைவிட்டுப் பெருந்தனக்காரனாகப் போனதுதான் அவன் கெட்ட கதை. இந்த நாவல்களில் நாயகன் துன்பப்படுவான், தவறு செய்வான், ஆனால் அவன் நுழைய வேண்டிய உலகம் ஒரு வேலையோடு வாசலில் நிற்கும். ஹோல்டன் தன் கதையைத் தொடங்கும்போதே டேவிட் காப்பர்ஃபீல்டின் பெயரைச் சொல்லி, அந்த மாதிரிக் கதை சொல்லத் தனக்கு விருப்பமில்லை என்று ஒதுக்கிவிடுகிறான். திமிர்ப் பேச்சு என்று பலர் அதைக் கடந்து போகிறார்கள். எனக்கு அது திமிராகப் படவில்லை. அந்த மாதிரிக் கதை சொல்ல அவனிடம் பொருள் இல்லை.

பழைய ஏற்பாடு எப்படிக் கலைந்தது? ஆலைகள் வந்தன. தொழில் பழகுகிறவனின் இடத்தில் கூலிக்குழந்தை வந்து நின்றது. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அமெரிக்காவில் 10 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளில் 17 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலையில் இருந்தார்கள். பழகிக்கொள்ள அந்த வேலையில் எதுவும் இல்லை. நூற்பாலையில் அறுந்த நூலை முடிவதும் நிலக்கரியிலிருந்து கல் பொறுக்குவதும்தான். இதை எதிர்த்து 1904இல் தேசியக் குழந்தை உழைப்புக் குழு தொடங்கப்பட்டது. 1908 முதல் லூயிஸ் ஹைன் ஆலை ஆலையாகப் போய் அந்தப் பிள்ளைகளைப் படம் எடுத்தார். அதே 1904இல்தான் உளவியலாளர் ஜி. ஸ்டான்லி ஹால் விடலைப் பருவம் பற்றிய இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டார். விடலைப் பருவம் புயலும் கொந்தளிப்பும் நிறைந்தது, மனித இனம் நாகரிகத்துக்கு வந்த பாதையை ஒவ்வொரு பிள்ளையும் அப்போது திரும்ப நடக்கிறது, ஆகவே அவசரப்படுத்தாமல் பெரியவர்களின் பொறுப்புகளிலிருந்து விலக்கி நீண்ட காலம் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இனம் கடந்து வந்த பாதை என்ற அறிவியல் பிற்பாடு கைவிடப்பட்டது. விலக்கி வைக்க வேண்டும் என்ற பரிந்துரை மட்டும் நாட்டின் வழக்கமாக நிலைத்துவிட்டது.

எண்கள் இதைத் தெளிவாகக் காட்டும். 1900இல் 14 முதல் 17 வயது வரையுள்ள அமெரிக்கப் பிள்ளைகளில் உயர்நிலைப் பள்ளியில் இருந்தவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர். 1940இல் பத்தில் ஏழு பேர். கல்வி மீதான ஆசை மட்டும் இதைச் செய்யவில்லை. 1929க்குப் பிறகு வந்த பெருமந்தத்தில் குடும்பத் தலைவர்களுக்கே வேலை இல்லாதபோது, பையன்களை வேலைச் சந்தையிலிருந்து வெளியே நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்திவைக்கப் பள்ளியே வசதியான இடம். 1938இன் நியாயமான உழைப்புத் தரச் சட்டம், மாநிலம் தாண்டி விற்கும் பொருள்களைச் செய்யும் பெரும்பாலான தொழில்களில் 16 வயதுக்குட்பட்டவர்களை வைத்துக்கொள்வதைத் தடுத்தது. தடுத்திருக்கவே வேண்டும். ஆனால் அடுத்த கேள்வியை, அந்த வயதுக்காரர்கள் இனி எதற்குத் தேவைப்படுவார்கள் என்ற கேள்வியை, யாரும் எழுப்பவில்லை. வணிகர்கள் மட்டும் எழுப்பினார்கள். பொருள் வாங்கத் தேவைப்படுவார்கள் என்று பதிலும் சொன்னார்கள். 1944 செப்டம்பரில் பதின்வயதுப் பெண்களுக்கென்றே ‘செவன்டீன்’ இதழ் தொடங்கப்பட்டது. ‘டீனேஜர்’ என்ற சொல் பரவியதும் அதே பத்தாண்டில்தான்.

பொதுப் பள்ளியில் இப்படி நடந்தது என்றால் பணக்காரர் வீட்டுப் பையன்களுக்கு இதைவிட முற்றிய ஓர் ஏற்பாடு இருந்தது. ஆண்டோவரில் 1778லும் எக்ஸிடரில் 1781லும் தொடங்கிய பழைய விடுதிப் பள்ளிகளோடு, உள்நாட்டுப் போருக்குப் பிறகு ரயில்பாதையிலும் எஃகிலும் சேர்ந்த புதுப் பணம் தன் பிள்ளைகளுக்காக வேறு பள்ளிகளையும் எழுப்பியது: 1884இல் கிரோட்டன், 1891இல் ஹாட்ச்கிஸ், 1896இல் சோட். கிரோட்டனை நிறுவிய எண்டிகாட் பீபாடி இங்கிலாந்தில் படித்தவர், அங்கிருந்த விடுதிப் பள்ளிகளின் முறையைக் கொண்டுவந்தவர், 56 ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தவர். கோடீஸ்வரர்களின் மகன்கள் அங்கே கதவில்லாத சிறு அறைகளில் படுத்தார்கள், காலையில் குளிர்ந்த நீரில் குளித்தார்கள். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அங்கிருந்து வந்தவர்தான். நகரத்தின் நெரிசலிலிருந்தும் புதிதாகக் குடியேறியவர்களின் பிள்ளைகளிடமிருந்தும் தங்கள் மகன்களைப் பிரித்து, கிராமப்புறத்தில் வைத்து, சில பல்கலைக்கழகங்களின் வாசலில் கொண்டுபோய் விடுவதுதான் இவற்றின் பணி. பண்பை உருவாக்குகிறோம் என்று சொன்னார்கள், பலர் உண்மையாகவே நம்பினார்கள். பையன் தன் கையால் எதையும் உருவாக்க வேண்டிய தேவை மட்டும் அந்த வளாகங்களில் இல்லை.

ஹோல்டன் வெளியேற்றப்படும் பென்சி பள்ளி கற்பனைதான். ஆனால் சாலிஞ்சர் இந்த உலகத்தை உள்ளிருந்து அறிந்தவர். மன்ஹாட்டனில் ஒரு தனியார் பள்ளி அவரை நிறுத்திவிட, 1934இல் பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் ராணுவப் பள்ளிக்குப் போய் 1936இல் படிப்பை முடித்தார். பென்சியைப் பற்றி ஹோல்டன் சொல்லும் சின்ன விவரங்களில் ஒரு வரலாற்றாசிரியரின் கூர்மை இருக்கிறது. சனிக்கிழமை இரவு மட்டும் பையன்களுக்கு ஸ்டேக் போடுவார்கள். காய்ந்து இறுகிய ஸ்டேக்தான், ஆனாலும் ஸ்டேக். ஏன் சனிக்கிழமை? ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் பார்க்க வருவார்கள், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் கண்ணா என்று ஏதாவதொரு தாய் கேட்பாள், ஸ்டேக் என்று பையன் சொல்வான். விடுதிக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்த பழைய மாணவர் மலிவு விலையில் பிணம் அடக்கும் தொழில் நடத்திப் பணக்காரரானவர்; அவர் பெயரே கட்டடத்துக்கு, அவர் காரில் வந்து இறங்கினால் மொத்தப் பள்ளியும் எழுந்து நின்று ஆரவாரம் செய்ய வேண்டும். உணவும் கட்டடமும் மரியாதையும் பையன்களைச் சுற்றி நடக்கின்றன, பையன்களுக்காக நடக்கவில்லை. இதைக் கண்டுபிடித்ததுதான் ஹோல்டனின் முதல் குற்றம்.

பெட்டிகளைப் பற்றிய பகுதி இன்னும் ஆழமானது. எல்க்டன் ஹில்ஸ் என்ற முந்தைய பள்ளியில் ஹோல்டனின் அறைத்தோழன் டிக் ஸ்லேகல். அவனுடைய பெட்டிகள் மலிவானவை. அவற்றை அலமாரித் தட்டில் வைக்காமல் கட்டிலுக்கடியில் ஒளித்து வைப்பான். ஹோல்டனுடையவை அசல் தோல். தோழன் கூசுகிறானே என்று ஹோல்டன் தன் பெட்டிகளையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறான். மறுநாள் ஸ்லேகல் அவற்றை எடுத்துத் தட்டிலேயே திரும்ப வைக்கிறான். ஏன் என்று ஹோல்டனுக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆகிறது: பார்க்கிறவர்கள் அவற்றைத் தன்னுடையவை என்று நினைக்கட்டும் என்பது ஸ்லேகலின் ஆசை. கடைசியில் இருவரும் வேறு வேறு அறைக்குப் போய்விடுகிறார்கள். நல்ல நகைச்சுவை உணர்வுள்ள பையன் அவன், பிரிந்தது வருத்தம் என்கிறான் ஹோல்டன். தொழிற்கூடத்தில் ஒரு பையனை இன்னொருவன் அளக்க அவன் செய்த பொருள் இருந்தது. இங்கே அப்பா வாங்கிக் கொடுத்த பொருள்தான் இருக்கிறது. இரண்டு நல்ல பையன்கள், இருவருமே சம்பாதிக்காத பெட்டிகளை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் இழக்கிறார்கள். அந்நியம் என்று விமர்சகர்கள் பெரிய எழுத்தில் எழுதுவது நாவலில் இந்த அளவில்தான் நடக்கிறது.

ஹோல்டனுக்கு என்னதான் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். தங்கை ஃபீபியும் கேட்கிறாள். அவன் கனவுகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஸாலி என்ற பெண்ணிடம் மாசசூசெட்ஸ், வெர்மான்ட் பக்கம் போய்விடலாம், ஏதாவது வேலை தேடிக்கொள்கிறேன், குளிர்காலத்துக்கு நானே விறகு வெட்டுவேன் என்கிறான். பின்னால் தனியே மேற்கே போய்விட நினைக்கும்போது, ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டிகளுக்கு எண்ணெய் போடும் வேலையில் சேர்ந்து, காது கேளாத, பேசாத ஆளாக நடித்துக் காலம் தள்ளலாம் என்று யோசிக்கிறான். தலைப்புக்குக் காரணமான கனவும் ஒரு வேலைதான்: கம்பு போல் உயர்ந்து வளரும் தானிய வயலில் விளையாடும் குழந்தைகள் மலை விளிம்பில் விழாமல் பிடித்து நிறுத்தும் வேலை, நாள் முழுக்க அதே வேலை. 16 வயதுப் பையன் கனவில் சொகுசு வரவில்லை, புகழ் வரவில்லை. விறகு, எண்ணெய்க் குழாய், கைநீட்டிப் பிடிக்க வேண்டிய குழந்தை இவைதான் வருகின்றன. தான் இல்லாவிட்டால் யாருக்காவது குளிரும், யாராவது விழுந்துவிடுவார்கள் என்கிற இடத்தைத்தான் அவன் தேடுகிறான். குழந்தைத்தனமான வடிவத்தில் தேடுகிறான் என்பது உண்மை. வேறு வடிவத்தை அவனுக்கு யார் காட்டினார்கள்? சென்ட்ரல் பார்க்கில் ஒரு சிறுமியின் சக்கரக் காலணி தளர்ந்திருக்கிறது, அவளிடமிருந்து சாவியை வாங்கி முடுக்கிக் கொடுக்கிறான், அவள் நன்றி சொல்கிறாள். அந்த மூன்று நாளில் அவன் முகம் மலரும் நேரம் இது. ஐம்பது ஆண்டு கழித்துக் கும்மிருட்டில் ஸ்கேட் சாவியைக் கையில் வைத்தாலும் இன்னதென்று தெரிந்துவிடும் என்கிறான். ஓட்டலில் செலவழித்த டாலர்கள் எதுவும் தராததை அந்த ஒரு நிமிட வேலை தருகிறது.

இந்த வாசிப்பை மறுக்க வலுவான காரணங்கள் உண்டு. முதலாவது, துக்கம். ஹோல்டனின் தம்பி ஆலி 1946 ஜூலையில் ரத்தப் புற்றுநோயால் இறந்தான். அன்றிரவு 13 வயது ஹோல்டன் கார் கொட்டகையின் சன்னல்களையெல்லாம் வெறும் கையால் குத்தி உடைத்தான். அவன் நொறுங்கியது இதனால்தான், இதில் பள்ளிக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். துக்கம்தான் வேர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த துக்கத்துக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். கை காயத்தால் அவன் மருத்துவமனையில் இருந்தான், தம்பியின் அடக்கத்துக்குப் போகவே இல்லை. அவனை மனநல மருத்துவரிடம் காட்ட யோசித்தார்கள், பிறகு பள்ளி மாற்றிப் பள்ளி அனுப்பினார்கள். தம்பியின் பேஸ்பால் கையுறையில் பச்சை மையில் எழுதியிருந்த கவிதைகளைப் பற்றி அவன் ஒரு கட்டுரை எழுதுகிறான். அதுவும் அறைத்தோழன் ஒருவனின் வீட்டுப்பாடத்துக்காக. கேட்ட தலைப்பு இதுவல்ல என்று அவன் கத்துகிறான், ஹோல்டன் கிழித்துப் போடுகிறான். சாவுவீட்டில் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுத்து வைப்பது பழைய சமூகங்களின் அறிவு. விடுதிப் பள்ளி அந்த இடத்தில் தலைப்பும் மதிப்பெண்ணும் வைத்திருந்தது.

இரண்டாவது மறுப்பு உடலைப் பற்றியது. விடலைக் கொந்தளிப்பு இயற்கை, வரலாறு அதை உண்டாக்கவில்லை என்பார்கள். சமோவா தீவில் பெண்பிள்ளைகள் இந்தப் புயல் இல்லாமலே வளர்கிறார்கள் என்று 1928இல் மானுடவியலாளர் மார்கரெட் மீட் எழுதினார். 1983இல் டெரெக் ஃப்ரீமன் அதைக் கடுமையாக மறுத்தார், சண்டை இன்னும் ஓயவில்லை. ஆகவே சமோவாவை நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. உடலே போதும். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுவுக்குள் நல்ல உணவாலும் சுகாதாரத்தாலும் மேலை நாடுகளில் பருவமடையும் வயது சில ஆண்டுகள் முன்னே வந்தது. அதே காலத்தில் பொறுப்பு கைக்கு வரும் வயது சில ஆண்டுகள் பின்னே போனது. உடல் சீக்கிரம் வளர்ந்தது, இடம் தாமதமாகக் கிடைத்தது. ஹோல்டன் ஆறடிக்கு மேல் உயரம், தலையின் ஒரு பக்கம் நரைத்திருக்கிறது, சில நேரம் 12 வயதுப் பையன் போல நடந்துகொள்கிறேன் என்று அவனே சொல்கிறான். இயற்கை கொடுத்த கொந்தளிப்புக்கும் சமூகம் வைத்த காத்திருப்புக்கும் நடுவிலுள்ள அகலம்தான் இது, அந்த அகலத்துக்குத் தேதி உண்டு.

மூன்றாவது மறுப்பே எனக்கு மிகக் கனமானது: இது பணக்காரப் பையனின் துன்பம், மற்றவர்களுக்கு இந்தச் சொகுசு கிடைக்கவில்லை. நாவல் வந்து இரண்டே ஆண்டில், 1953இல், ஜேம்ஸ் பால்ட்வினின் ‘கோ டெல் இட் ஆன் த மவுன்டன்’ வந்தது. அதில் 1935இல் ஹார்லெமில் வாழும் கறுப்பினப் பையன் ஜான் கிரைம்ஸுக்கு 14வது பிறந்தநாள். அன்றும் அவன் வீட்டுக் கம்பளத்தைப் பெருக்க வேண்டும், தேவாலயத்தைக் கூட்ட வேண்டும். அவனும் சென்ட்ரல் பார்க்குக்குப் போகிறான். ஹோல்டனைப் போல அங்கே உரிமையோடு நடக்க முடியாது. ஜானுக்கு வேலை இருக்கிறது, ஆனால் அவனும் அந்நியன்தான், அவனைத் தள்ளுவது நிறவெறியும் தந்தையின் வெறுப்பும். இதை ஒப்புக்கொள்கிறேன். வேலை இருந்தால் துன்பம் தீரும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பையன்களின் துன்பமும் ஒரே ‘விடலைப் பருவத்’ துன்பமாக இல்லாததுதான் என் சாட்சி. ஒரே பூங்காவில் நடந்த இருவருக்கும் அந்நியத்தின் உருவம் வேறு. வயது பொது, வரலாறு தனி.

பிள்ளைகளைத் திரும்ப ஆலைக்கு அனுப்பச் சொல்கிறாயா என்றும் கேட்பார்கள். இல்லை. ஹைன் எடுத்த படங்களைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். ஹோல்டனின் பக்குவமின்மையை நியாயப்படுத்துவதும் என் வேலையல்ல. ஸாலியிடம் அவன் பேசுவது கொடூரம், அவள் அழுகிறாள், அவனுக்குச் சிரிப்பு வருகிறது. போலிகளைத் திட்டிக்கொண்டே போலியாக நடக்கிறான். ஆனால் அவனைப் பார்த்து வளரச் சொன்ன பெரியவர்களின் கையிலும் வேறு வழி இருக்கவில்லை. சாலிஞ்சரின் தந்தை பன்றி இறைச்சியும் பாலாடைக்கட்டியும் இறக்குமதி செய்தவர். 1937இல் மகனைத் தொழில் பழக வியன்னாவுக்கு அனுப்பினார், மகன் அங்கிருந்து போலந்து வரை போய் இறைச்சிக்கூடத்தில் நின்றார். பழைய வழக்கத்தின் கடைசி முயற்சி அது, பிடிக்கவில்லை, திரும்பிவிட்டார். பிறகு அவருக்கும் அவர் தலைமுறைக்கும் பொறுப்பைக் கொடுத்தது போர்தான். 1944 ஜூன் 6 அன்று யூட்டா கடற்கரையில் இறங்கினார், ஹர்ட்கன் காட்டுப் போரைக் கண்டார், போர் முடிந்ததும் நரம்பு தளர்ந்து நியூரம்பெர்க்கில் மருத்துவமனையில் கிடந்தார். ஹோல்டன் கால்ஃபீல்ட் என்ற பெயர் அவர் கதைகளில் முதலில் அச்சேறியது 1944, 45இல். அங்கே அவன் போர்முனையில் காணாமல் போன இளம் சிப்பாய். நாவலுக்கு வரும்போது சாலிஞ்சர் அவனைச் சீருடைக்கு முந்தைய வயதுக்கு இழுத்துக்கொண்டுவந்து நிறுத்தினார்.

அந்த இழுப்புக்கு அர்த்தம் உண்டு. கொரியப் போர் 1950 ஜூனில் தொடங்கிவிட்டது. 1951 ஜூனில், நாவல் வெளியாவதற்கு ஒரு மாதம் முன்பு, அமெரிக்க நாடாளுமன்றம் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கும் வயதை 19இலிருந்து பதினெட்டரையாகக் குறைத்தது. வாக்களிக்கும் வயதோ ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் 21. அது 18 ஆனது 1971இல்தான். சாவதற்குப் பெரியவன், வாக்களிக்கச் சின்னவன், வேலைக்கு இன்னும் படிக்க வேண்டியவன் என்று ஒரே பையனை மூன்றாக எழுதி வைத்த நாட்டில்தான் இந்தப் புத்தகம் வாங்கப்பட்டது. அதன்பிறகு நடந்ததும் பொருத்தமே. ஆபாசம், கெட்ட வார்த்தை என்று சொல்லிப் பள்ளிகள் தடுத்தன. 1960இல் ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் இதைப் பாடமாக வைத்த ஆசிரியை பணிநீக்கம் செய்யப்பட்டார், பிறகு அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டு புத்தகத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டுகளில் வேறு நூற்றுக்கணக்கான பள்ளிகள் அதைப் பாடமாகவே வைத்தன. பள்ளியிலிருந்து ஓடியவனின் கதையையும் பள்ளிதான் பரீட்சைக் கேள்வியாக்கியது.

ஹோல்டனை ஏன் இன்னும் வளரவில்லை என்று கேட்கிறவர்கள் நாவலின் கடைசி அத்தியாயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அவன் கலிஃபோர்னியாவில் ஓர் ஓய்வில்லத்தில் இருக்கிறான், அங்கேயிருந்துதான் கதை சொல்கிறான். தம்பியை இழந்தவன், தன் ஸ்வெட்டரைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டே ஒரு பள்ளித் தோழன் சன்னலிலிருந்து குதித்துச் செத்துக் கிடந்ததைப் பார்த்தவன், நான்கு பள்ளி கண்டவன். அங்கே அவனைப் பார்த்துக்கொள்ளும் மனநல மருத்துவர் அவனிடம் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்கிறார்: வரும் செப்டம்பரில் பள்ளிக்குப் போனதும் ஒழுங்காகப் படிப்பாயா? அடுத்த பள்ளி ஏற்கெனவே முடிவாகிவிட்டது.